தொட்டியில் நாலு கல் போட்டால் மீனுக்கு மூளை வளருமா?

பருவமழை முடிந்து அணைகள் நிரம்பியதும் ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் மீன்குஞ்சுகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அணைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெப்பநிலை சமமானதும் குஞ்சுகளை விடுவார்கள். அடுத்த ஆண்டு வலையில் ஏறப்போகும் மீனும், அதை நம்பியிருக்கும் மீனவர்களின் பங்கும் அந்தப் பைகளுக்குள்தான் இருக்கின்றன.

ஆனால், விட்ட குஞ்சுகளில் கணிசமானவை பிடிக்கும் அளவுக்கு வளர்வதே இல்லை. வாளையும் விராலும் விழுங்கியது போக, நீர்க்காகம் கொத்தியது போக, இரை தேடத் தெரியாமல் மெலிந்து போனதும் போக, மிச்சம்தான் கணக்கில் வருகிறது. இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: குஞ்சு சிறியதாக இருந்தது, வண்டியில் வரும்போது அடிபட்டது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றும் உண்மைதான். இவற்றோடு சேர்க்க வேண்டிய நான்காவது காரணம் ஒன்றும் இருக்கிறது. குஞ்சு எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் மூளையின் வளர்ச்சியே மாறுகிறது. கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீன் ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து சோதித்து வருகிறார்கள்.

மீன்குஞ்சு உற்பத்தி செய்பவர், குஞ்சு வாங்கி விடுபவர், வண்ணமீன் வளர்ப்பவர் என யாராக இருந்தாலும் உங்களுக்கு இதில் பயன் உண்டு.

நிற்காமல் வளரும் மூளை

மனிதர்களுக்கு வயது வந்தபின் மூளையில் புதிய நரம்பணுக்கள் உருவாவது மிகக் குறைவு. மீன்கள் அப்படியல்ல. உடல் வளர வளர, வாழ்நாள் முழுவதும் மீனின் மூளையில் பல பகுதிகளில் புதிய நரம்பணுக்கள் பிறந்துகொண்டே இருக்கும். எந்தப் பகுதிக்கு வேலை அதிகமோ அந்தப் பகுதி நன்றாக வளரும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது. வேலையே இல்லாத பகுதி பின்தங்குகிறது.

மீனின் மூளையை நான்கு முக்கியப் பகுதிகளாகப் புரிந்துகொண்டால் போதும். மூக்குப் பக்கம் இருப்பவை மணத்தை அறியும் குமிழ்கள். அடுத்தது முன்மூளை, இடத்தை நினைவில் வைப்பது, புதிதாகக் கற்றுக்கொள்வது எல்லாம் இதன் வேலை. நடுவில் இருப்பது பார்வைப் பகுதி. கண்ணில் படும் இரையையும் எதிரியையும் இது பிரித்தறிகிறது. பின்னால் இருப்பது சிறுமூளை. உடலின் சமநிலையும் நீந்தும் அசைவும் இதன் பொறுப்பு.

இப்போது ஒரு சிமென்ட் தொட்டியை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் வழவழப்பான சுவர். தரையில் ஒன்றுமில்லை. நேரத்துக்குத் தீவனம் மேலிருந்து விழுகிறது. துரத்த எதிரி இல்லை. ஒளிய இடமும் இல்லை. அங்கே வளரும் குஞ்சுக்கு இந்த நான்கு பகுதிகளையும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டிய தேவை எங்கே வருகிறது?

நீலகிரிக்கும் தெரிந்த மீன்

இந்தக் கேள்விக்கு விடை தேட உதவிய மீன்களில் முக்கியமானது வானவில் டிரவுட். நீலகிரிக்குப் போனவர்கள் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலை ஓடைகளில் விடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட இந்த மீனுக்காக அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் தொடங்கப்பட்டது. இதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் வட பசிபிக் கடலோரமும். கடலுக்குப் போய்த் திரும்பும் இதே இனத்து மீன்களை அங்கே ஸ்டீல்ஹெட் என்கிறார்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன், டிரவுட் குஞ்சு பொரிப்பகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் மெக்ளவுட் ஆற்றங்கரையில் 1872-ல் அமெரிக்க அரசு சால்மன் முட்டை சேகரிக்கும் நிலையத்தைத் தொடங்கியது. அணைகள் கட்டியதாலும் அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் குறைந்துபோன மீன்களைப் பொரிப்பகங்கள் ஈடுகட்டும் என்று நம்பினார்கள். இன்று வட பசிபிக் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 500 கோடி சால்மன் குஞ்சுகளை நீரில் விடுகின்றன. ஆனால், பொரிப்பகத்தில் வளர்ந்து வெளியே போகும் குஞ்சு, ஆற்றில் பிறந்து வளர்ந்த குஞ்சு அளவுக்குப் பிழைத்துத் திரும்புவதில்லை என்ற குறை அங்கே பல காலமாக இருந்துவருகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேப்ரியல் நெவிட் என்ற ஆய்வாளரின் குழு இந்தக் குறைக்கான காரணத்தை மீனின் மூளைக்குள் தேடியது. பொரிப்பகத்தில் வளர்ந்த வானவில் டிரவுட் மீன்களின் மூளையையும், இயற்கையான நீரில் வளர்ந்தவற்றின் மூளையையும் உடல் அளவைக் கணக்கில் கொண்டு அளந்து ஒப்பிட்டார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், எடுத்த 8 அளவுகளில் 7-ல் பொரிப்பக மீன்கள் பின்தங்கியிருந்தன. பார்வைப் பகுதியும் முன்மூளையும் அவற்றில் அடக்கம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பொரிப்பக மீன்கள் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்தவை. அப்படியானால் இது பரம்பரைக் குறையாக இருக்கக் கூடாதா? நியாயமான சந்தேகம். ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. அதனால் இயற்கையான சினூக் சால்மன் மீன்களின் குஞ்சுகளையே எடுத்து, வெவ்வேறு சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2006-ல் வந்த முடிவின்படி, இயற்கைச் சூழலில் வளர்ந்தவற்றின் முன்மூளையும் மணக் குமிழ்களும் பொரிப்பகத்தில் வளர்ந்தவற்றைவிடப் பெரியவை. வித்து ஒன்றுதான், வளர்ந்த இடம்தான் வேறு.

மணக் குமிழ் சிறுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்காதீர்கள். சால்மன் மீன் கடலில் ஆண்டுக்கணக்கில் அலைந்துவிட்டுத் தான் பிறந்த ஓடையைத் தேடி வருவது மணத்தை வைத்துத்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் இதைப் பல ஆண்டு ஆய்வுகளில் நிறுவினார். குஞ்சுப் பருவத்தில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளின் மணத்துக்குப் பழக்கிய மீன்கள், பெரிதானபின் அதே மணம் கலந்த ஓடையைத் தேடி வந்தன. மூக்கு மங்கினால் வீடு திரும்பும் வழியும் மங்கும்.

வேறுபாடு தந்த கூழாங்கல்

அதே 2006-ல் நெவிட் குழு இன்னொரு எளிய சோதனையையும் வெளியிட்டது. நமது பண்ணைகளுக்கு நெருக்கமானது இதுதான்.

சால்மன், டிரவுட் இன மீன்கள் ஆற்றின் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். பொரித்த குஞ்சு, வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவுப் பை கரையும்வரை கல் இடுக்குகளிலேயே தங்கும். பொரிப்பகத்தில் இதற்குப் பதிலாகத் தட்டையான தட்டும் வெறும் தொட்டியும்தான் கிடைக்கும். ஆய்வாளர்கள் ஸ்டீல்ஹெட் குஞ்சுகளில் ஒரு பகுதியை வழக்கமான தொட்டியிலும், மரபில் ஒத்த இன்னொரு பகுதியைக் கற்கள் போட்ட தொட்டியிலும் வளர்த்தார்கள். கல் போட்ட தொட்டியில் வளர்ந்தவற்றின் சிறுமூளை பெரிதாக இருந்தது. அவ்வளவு இளம் பருவத்தில், கல்லைச் சேர்த்த ஒரு மாற்றம் மட்டுமே மூளையில் அளந்து பார்க்கும் அளவுக்கு வேறுபாட்டைக் கொண்டுவந்தது.

மூளை பெரிதாக இருந்தால் மீன் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளுமா? இதற்கான விடை நார்வேயிலிருந்து வந்தது. பெர்கன் பல்கலைக்கழகத்தின் ஆனி குரோ வியா சல்வனெஸ், விக்டோரியா பிரைத்வைட் ஆகியோரின் குழு 2013-ல் அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளைக் கொண்டு நடத்திய சோதனையை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு வெறும் தொட்டி. இன்னொரு பிரிவுக்குக் கற்களும் செயற்கைச் செடிகளும் வைத்த தொட்டி. 8 வாரம் இப்படி வளர்த்தபின், வழி கண்டுபிடிக்க வேண்டிய ஒரு தடத்தில் இரண்டு பிரிவையும் விட்டுப் பார்த்தார்கள். பொருள்கள் வைத்த தொட்டியில் வளர்ந்த குஞ்சுகள் வழியைச் சிறப்பாகக் கற்றுக்கொண்டன. அவற்றின் முன்மூளையில், புதிய நரம்பணுக்கள் உருவாவதோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் செயல்பாடும் கூடுதலாக இருந்தது.

தீவனம் எடுப்பதிலும் இதே கதைதான். அட்லாண்டிக் சால்மனில் 2003-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், பொருள்கள் வைத்த தொட்டியில் வளர்ந்து, உயிருள்ள இரையையும் முன்பே பழகியிருந்த குஞ்சுகள், பழக்கமில்லாத புதிய இரையைப் பிடிப்பதில் முந்தின. குளிகைத் தீவனத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த மீனுக்கு, தண்ணீரில் நெளியும் புழுவும் உணவுதான் என்று புரியவே நேரமாகிறது. அணையில் விட்ட முதல் சில நாட்களில் அந்த நேரம் குஞ்சின் உயிரையே பறித்துவிடும்.

மூளையை வளர்க்கும் நான்கு விஷயங்கள்

இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், வளர்ப்புச் சூழலில் நான்கு விஷயங்கள் மீனின் மூளையைத் தொடுகின்றன.

முதலாவது, மேலே சொன்ன இட அமைப்பு. கல், செடி, நிழல், இடுக்கு போன்றவை இருந்தால் குஞ்சு சுற்றிப் போகவும் ஒளியவும் இடத்தை நினைவில் வைக்கவும் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, நீரோட்டம். அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளை எதிர்நீச்சல் போடவைத்து வளர்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. நீந்தப் பழகியவற்றின் முன்மூளையில் புதிய அணுக்கள் உருவாவதற்கான அறிகுறிகள் கூடியிருந்தன. நமக்கு உடற்பயிற்சி எப்படியோ, மீனுக்கு எதிர்நீச்சல் அப்படி.

மூன்றாவது, மன அழுத்தம். மீனுக்கும் அது உண்டு. நெருக்கடி, அடிக்கடி வலை போடுதல், ஆக்சிஜன் குறைவு, பெரிய மீனின் தொல்லை ஆகியவை தொடர்ந்தால் மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்ற சுரப்பு உயரும். வானவில் டிரவுட் குஞ்சுகளுக்குத் தீவனம் வழியாகக் கார்டிசால் கொடுத்துப் பார்த்தபோது, முன்மூளையில் புதிய அணுக்கள் உருவாவது குறைந்தது. ஆகவே, குளத்தில் எத்தனை குஞ்சு விடுகிறீர்கள் என்ற கணக்கு எடையை மட்டும் அல்ல, மூளையையும் பாதிக்கும்.

நான்காவது, தீவனம். மூளைக்கும் கண்ணுக்கும் டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அடிப்படைப் பொருள். இது போதாத தீவனம் தின்ற ஹெர்ரிங் மீன்குஞ்சுகளுக்கு மங்கிய வெளிச்சத்தில் இரையைப் பார்த்துப் பிடிக்கும் திறன் குறைந்தது 1995-ல் தெரியவந்தது. ஜப்பானில் எல்லோடெயில் என்ற கடல்மீன் குஞ்சுகளுக்கு டி.எச்.ஏ. கொடுக்காமல் வளர்த்தபோது, கூட்டமாகச் சேர்ந்து நீந்தும் பழக்கமே அவற்றுக்கு வரவில்லை. கொடுவா போன்ற கடல்மீன் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியாவைக் கொடுக்கும் முன் அதற்கு மீன் எண்ணெய்ச் சத்து ஏற்றுவதன் அவசியம் இதில் இருக்கிறது. ஆர்ட்டீமியாவில் இயல்பாக டி.எச்.ஏ. மிகக் குறைவு. நன்னீர்க் கெண்டைகள் தாவர எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்து ஓரளவு தாமே டி.எச்.ஏ.வை உருவாக்கிக்கொள்ளும். கடல்மீன் குஞ்சுகள் பெரும்பாலும் தீவனத்தையே நம்பியிருக்கின்றன.

நம் கெண்டைகளுக்கு என்ன பாடம்?

1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பெருங்கெண்டைகளைத் தூண்டுதல் முறையில் முட்டையிடச் செய்து வென்றார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் ஆற்றில் அரித்தெடுத்த குஞ்சுகளை நம்பியிருந்த நாடு, படிப்படியாகப் பொரிப்பகக் குஞ்சுக்கு மாறியது. கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பு இந்த அளவுக்குப் பெருகியது அந்த வெற்றியால்தான்.

நமக்கு ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. சால்மன் பொரிப்பகத்தைப் போல் நம் கெண்டைக் குஞ்சு முழுக்கத் தொட்டியிலேயே வளர்வதில்லை. பொரித்த மூன்றாம் நாள் நுண்குஞ்சுகளாக நாற்றங்கால் குளத்துக்குப் போய், சுமார் 15 முதல் 20 நாளில் இளங்குஞ்சாகி, பிறகு இரண்டு மூன்று மாதத்தில் வளர்ப்புக் குளத்தில் விரலளவு குஞ்சாகிறது. மண் குளத்தில் மிதவை உயிரிகள் இருக்கும். கரையோரப் புல் இருக்கும். அடியில் சேறு இருக்கும். இவை எல்லாமே குஞ்சுக்குப் பாடம் சொல்பவைதான்.

ஆனால், இடநெருக்கடியாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் சிமென்ட் தொட்டி, தார்ப்பாய்க் குளம், பயோஃபிளாக் தொட்டி என்று குஞ்சு வளர்ப்பு மாறிவருகிறது. பராமரிக்க எளிது, கண்காணிக்க எளிது, நோய் தெரிய எளிது. ஆனால், மூளைக்கு வேலை தரும் எல்லாவற்றையும் அங்கே நாமே அகற்றிவிடுகிறோம். அந்தக் குஞ்சு நேராக உணவுக்கான குளத்துக்குப் போனால் பெரிய பாதிப்பு இல்லை. ஆற்றுக்கோ அணைக்கோ போகும்போதுதான் சிக்கல். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் நாட்டு மீன்குஞ்சுகளை விடுவதும் ஒரு பகுதி. பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களிலும் குஞ்சு இருப்புச் செய்யப்படுகிறது. இப்படிப் போகும் குஞ்சுக்கு, விட்ட அன்றே பிழைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள்

மறைவிடம் கொடுங்கள். தொட்டியின் ஒரு பக்கத்தில் கூழாங்கல், உடைந்த நாட்டு ஓடு, வாய் உடைந்த மண்பானை, பிவிசி குழாய்த் துண்டுகளை வையுங்கள். கூர்முனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய சிமென்ட் பொருள்களை நேராகப் போடாதீர்கள்; சுண்ணாம்புத்தன்மை கரைந்து நீரின் கார அளவு ஏறும். பல நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

குளத்தில் மூங்கில் நடுங்கள். மூங்கில் கழிகளை அடியில் ஊன்றினால் குஞ்சுக்கு மறைவு கிடைக்கும். கழியின் மேல் படியும் பாசியும் நுண்ணுயிர்களும் ரோகு போன்ற மீன்களுக்கு நல்ல இரை. கிளைகளை நீரில் ஊன்றி மீனைச் சேர்க்கும் முறை இலங்கையின் நீர்கொழும்பு கடலேரியில் நெடுங்காலமாக இருக்கிறது. வலை இழுக்கும்போது இடைஞ்சலாகாமல் இருக்க, கழிகளை ஒரு சட்டத்தில் கட்டித் தூக்கி எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்ச்செடியை அளவோடு வையுங்கள். வேலம்பாசி போன்றவற்றை ஒரு மூலையில் கட்டுக்குள் வைத்தால் விரால் குஞ்சுகளில் ஒன்றையொன்று தின்னும் தொல்லையும் குறையும். குளம் முழுக்கப் பரவவிட்டால் இரவில் ஆக்சிஜன் இறங்கிவிடும். அதிகாலையில் குஞ்சுகள் மேலே வந்து வாய் திறந்தால் செடியைக் குறையுங்கள்.

இடத்தை மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கல்லையும் பானையையும் கழுவி வேறு பக்கம் வையுங்கள். தங்கியிருக்கும் கழிவும் போகும். குஞ்சு தொட்டியைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டியிருக்கும்.

ஓட்டம் கொடுங்கள். தண்ணீர் விடும் குழாயைச் சாய்வாக வைத்தாலே வட்டத் தொட்டியில் மெல்லிய சுழற்சி வரும். குஞ்சு சோராமல் எதிர்த்து நீந்தும் அளவு போதும். வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டால் அது பயிற்சியாகாது, தண்டனையாகிவிடும்.

தீவனத்தில் மாற்றம் வையுங்கள். தவிடு, கடலைப் புண்ணாக்குக் கலவை மட்டும் போதும் என்று விடாமல், குளத்துக்கு உரமிட்டு மிதவை உயிரிகளைப் பெருக்குங்கள். தொட்டியானால் மொய்னா, டாஃப்னியா போன்ற உயிர் இரையை இடையிடையே கொடுங்கள். தினமும் ஒரே மூலையில் கொட்டாமல் இடத்தையும் மாற்றுங்கள்.

நெருக்கடியைக் குறையுங்கள். அதிகக் குஞ்சு விட்டுப் பாதியை இழப்பதைவிட, குறைவாக விட்டு நல்ல குஞ்சு எடுப்பது மேல். விரலளவுப் பருவத்துக்கு மண் குளத்தில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம் இளங்குஞ்சு என்பது பொதுவான பரிந்துரை. நீர்த்தேக்கத்துக்குப் போகும் குஞ்சு 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

எதிரியைத் தெரிய வைக்கலாம்

கெண்டை இனத்துக்கு இயற்கை ஒரு எச்சரிக்கை மணியைக் கொடுத்திருக்கிறது. தேனீக்களின் நடனத்தை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1938-ல் இதை விளக்கினார். கெண்டைக் குடும்பத்து மீன் ஒன்றின் தோல் கிழிந்தால், அதிலிருந்து கசியும் பொருளை முகர்ந்த மற்ற மீன்கள் பதறி ஒளிகின்றன. அந்தப் பொருளோடு ஒரு எதிரியின் வாசனையும் சேர்ந்து வந்தால், பிறகு அந்த எதிரியின் வாசனை மட்டும் வந்தாலும் மீன் பயந்து ஒதுங்கக் கற்றுக்கொள்கிறது. பல மீன்களில் இது சோதித்து உறுதியாகியிருக்கிறது.

அணைக்கு அனுப்பும் குஞ்சுகளுக்கு இந்தப் பயிற்சியை அதிகச் செலவின்றிக் கொடுக்கலாம். விரால் இருந்த தொட்டித் தண்ணீரையும், இறந்த கெண்டைக் குஞ்சு ஒன்றின் தோலை அரைத்துக் கலக்கிய தண்ணீரையும் சேர்த்துக் குஞ்சுத் தொட்டியில் விடுவதுதான் முறை. அரைக்கும் குஞ்சு நோயில் இறந்ததாக இருக்கக் கூடாது; விரால் தொட்டியிலும் நோய் இருக்கக் கூடாது. ஒளிய இடமில்லாத தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். ஓட வழியில்லாத பயம் குஞ்சுக்கு எதையும் கற்றுத் தராது, கார்டிசாலைத்தான் ஏற்றும். முதலில் கல், பிறகு பாடம்.

எல்லோருக்கும் இது தேவையா?

அவசியமில்லை. உங்கள் குளத்திலேயே வளர்த்து, தீவனம் போட்டு, ஓர் ஆண்டில் பிடித்து விற்கும் மீனுக்கு ஆற்றில் பிழைக்கும் சாமர்த்தியம் தேவையில்லை. அங்கே மறைவிடம் வைப்பதன் பலன் வேறு. சரியாக வைத்தால் சண்டையும் துடுப்புக் காயமும் மன அழுத்தமும் குறையலாம். சரியாக வைக்காவிட்டால் கழிவு தங்கி நோய் வரும், அறுவடைக்கும் இடைஞ்சல்.

கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. ஆய்வகத்தில் வளர்ந்த கப்பி மீன்களின் மூளை, ஓடையில் பிடித்த கப்பிகளின் மூளையைவிடச் சிறியது என்று 2009-ல் ஓர் ஆய்வு காட்டியது. கண்ணாடித் தொட்டியில் செடியும் கல்லும் வைப்பதை அழகுக்கான செலவு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. மீன் இனம், வயது, எந்தப் பொருள் வைத்தார்கள், எவ்வளவு நாள் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து பலன் மாறுகிறது. சில சோதனைகளில் வேறுபாடே தெரியவில்லை. மேலே சொன்ன பெரும்பாலான சோதனைகள் சால்மன் குடும்பத்து மீன்களில் நடந்தவை. எனவே, பண்ணை முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

இரண்டு தொட்டி, ஒரு கணக்கு

நீங்களே சோதிக்கலாம். ஒரே நாளில் பொரித்த, ஒரே தாய்மீன்களின் குஞ்சுகளை இரண்டு தொட்டியில் ஒரே எண்ணிக்கையில் விடுங்கள். தண்ணீர், தீவனம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் மட்டும் கல்லும் மறைவும் வையுங்கள். எட்டு வாரம் கழித்து மூன்றைப் பாருங்கள்: எத்தனை உயிரோடு இருக்கின்றன, துடுப்பு முழுதாக இருக்கிறதா, எடை என்ன. பிறகு இரண்டிலிருந்தும் சில குஞ்சுகளை எடுத்து, இரண்டுக்கும் புதிதான ஒரு தொட்டியில் தனித்தனியாக விட்டு, மேலே கையால் நிழல் காட்டுங்கள். எது முதலில் மறைவைத் தேடி ஓடுகிறது? அதுவரை பார்க்காத உயிர் இரையைப் போடுங்கள். எது முதலில் பிடிக்கிறது? எழுதி வையுங்கள். வேறுபாடு தெரிந்தால் அடுத்த முறை நான்கு தொட்டியில் செய்யுங்கள். தெரியாவிட்டால் கல்லை எடுத்துவிடுங்கள். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

குஞ்சு வாங்குபவராக இருந்தால், விலையையும் அளவையும் கேட்கும்போதே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டியில் அல்லது குளத்தில் வளர்ந்தது? எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது? உயிர் இரை தின்று பழகியதா? அணைக்கும் ஆற்றுக்கும் குஞ்சு வாங்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த மூன்றையும் கேட்கத் தொடங்கினால், பொரிப்பகங்களும் விடை வைத்திருக்கத் தொடங்கும். எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்பது பதிவேட்டில் நிற்கும் எண். எத்தனை பிழைத்தன என்பதுதான் மீனவரின் வலையில் ஏறும் எண்.